கச்சான் காற்றில் ஒரு பொய் இறால்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நாற்கரச் சாலையில் வல்லநாடு வரும்போது பேருந்தில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனி மாதத்தில் அது முடியாது. மேற்கு மலைக் கணவாய்களில் புகுந்து வரும் கச்சான் காற்று, ஜன்னலோரம் உட்கார்ந்தவர் முகத்தில் புழுதியை அடித்துக்கொண்டே வரும். கண்ணாடியை இழுத்து மூடலாம் என்றால், நான் ஏறிய பேருந்தில் அது பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

வல்லநாட்டில் இறங்கினேன். அங்கே உடைமரமும் முட்புதரும் மண்டிய ஒரு குன்றை 1987-இல் வெளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பு 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடி இதுதான். பெயருக்கேற்ப வெட்டவெளியில் வாழும் மான் இது. கண்ணை நம்பிப் பிழைப்பது. குன்றின் அடிவாரத்தில் நின்று பார்த்தபோது தொலைவில் இரண்டு பெட்டைகளும் முறுக்குக் கொம்புடன் ஒரு கலையும் தெரிந்தன. காற்று என் முதுகிலிருந்து அவற்றை நோக்கி அடித்தது. நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மூன்றும் புதருக்குள் போய்விட்டன.

மானைக் காட்டி மானைப் பிடிக்கும் வித்தை தமிழ் நிலத்துக்குப் புதிதல்ல. பழக்கிய மானைக் கட்டிவைத்து, அதை நாடி வரும் காட்டு மானை வளைப்பது சங்கப் புலவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேட்டை. அந்தக் கட்டுவிலங்குக்குப் ‘பார்வை’ என்று பெயர். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில் வீரை வெளியனார் ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தைக் காட்டுகிறார். அலைந்து களைத்த வேட்டுவன் தூங்குகிறான். முற்றத்தில் கட்டியிருக்கும் பார்வை மானைத் தேடிக் காட்டிலிருந்து ஒரு கலைமான் வந்து அதனோடு கூடி விளையாடுகிறது. வேட்டுவனின் மனைவி பார்க்கிறாள். கணவன் விழித்துவிடக் கூடாது, கலையும் பிரிந்துவிடக் கூடாது என்று அசையாமல் இருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்று தீர்க்கின்றன. அவற்றை விரட்டக்கூட அவள் வாய் திறக்கவில்லை. வேட்டையைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நல்ல காட்சி கிடையாது. பொறி சரியாக வேலை செய்கிறது, வேட்டைதான் நடக்கவில்லை.

அக்பரின் அரண்மனையில் இதே வித்தை அரச விளையாட்டானது. பழக்கிய கலையின் கொம்பில் வலைக்கண்ணியைக் கட்டிக் காட்டுக் கூட்டத்தின் பக்கம் விடுவார்கள். சண்டைக்கு வரும் காட்டுக் கலையின் கொம்போ காலோ கண்ணியில் மாட்டிக்கொள்ளும். அயினி அக்பரி இதை விரித்து எழுதியிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனிக்கலாம்: ஆள் சத்தமே போடுவதில்லை. உருவத்தை முன்னே நிறுத்திவிட்டு அவன் ஒதுங்கிக்கொள்கிறான். காற்று மிகுந்த இந்தச் சீமையில் வேறு எப்படி வேட்டையாடுவது என்ற எண்ணத்தோடுதான் அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர்ச் சாலையில் முள்ளக்காடு. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் இங்கேதான் வந்தது. 55 கிலோவாட் எந்திரங்கள். இன்றைய ராட்சதக் காற்றாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் அவை குழந்தைகள். ஆனால் காற்று எங்கே நிற்காமல் அடிக்கிறது என்று தேடியவர்கள் முதலில் வந்த இடங்களில் இது ஒன்று. சாலையின் இருபுறமும் உப்பளம். வெயிலும் காற்றும் சேர்ந்தால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். அதனால் மற்றவர்கள் திட்டும் காற்றை உப்பளக்காரர்கள் திட்டுவதில்லை.

வரப்போரம் பவளக்கால் உள்ளான்கள் நின்றன. எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, காற்றுக்கு முகம் கொடுத்து நின்றன. பறவை காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் இறகுக்குள் காற்று புகுந்துவிடும். எழும்புவதும் இறங்குவதும் எதிர்காற்றில்தான். நீர்ப்பறவை வேட்டைக்காரர்களின் காற்றுக்கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்தது. வட அமெரிக்காவில் பொய்வாத்துகளை மிதக்கவிட்டு வேட்டையாடுபவன், காற்று தன் முதுகுப்பக்கம் இருக்கும்படி பதுங்குவான். பொய்வாத்துகளுக்கு நடுவே காற்று போகும் பக்கமாக ஒரு வெற்றிடம் விட்டுவைப்பான். எதிர்காற்றில் இறங்க வரும் வாத்து அந்த இடத்தில், அவன் முகத்துக்கு நேராக வந்து இறங்கும். காற்றே இல்லாத நாளில் பொய்வாத்து செத்ததுபோல் கிடக்கும். கயிறு கட்டி இழுத்து அசைக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் அந்த வேலையைக் காற்றே செய்துவிடும். துணிப்பையைக் குச்சியில் மாட்டினாலும் காற்று நிரம்பி உடல் குலுங்கி வாத்தாகிவிடும்.

நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் கோரையால் பின்னிய பொய்வாத்துகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. நம் பார்வை மானும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து வாத்து வேட்டையாடுவதை அமெரிக்கா 1935-இல் தடை செய்தது. அளவுக்குமேல் பலித்ததுதான் காரணம்.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டிக் கிடந்தன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றும் மரத்தோணிகளுக்கு இது ஓய்வுக்காலம். 1974-இல் பெருந்துறைமுகம் வந்த பிறகு பெரிய கப்பல்களெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. இங்கே இன்னும் தச்சர்கள் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடற்கரைக்குப் பெயர் வாங்கித் தந்த வேட்டை மட்டும் காற்றோடு ஒத்துப்போகாதது. முத்துக்குளிப்புக்குக் கடல் தெளிந்திருக்க வேண்டும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்கள்தான் காலம். மார்க்கோ போலோ ஏப்ரல் மாதத்தையும் மே பாதியையும் சொல்கிறார். சுறாக்கள் முத்துக்குளிப்பவரைத் தீண்டாமலிருக்க மந்திரக்காரர்களைக் கூட்டிப்போவார்கள் என்றும், எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு என்றும் எழுதியிருக்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் மீன்கள் விருப்பம்போல் திரிந்தால் திருட்டுத்தனமாக எவரும் குளிக்க இறங்கமாட்டார் அல்லவா? கடல்கட்டி என்று பெயர் பெற்ற இவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். ஆங்கிலேய அரசாலும் அவர்களை விலக்க முடியவில்லை. மற்ற வேட்டைக்காரன் விலங்கை வரவழைக்கக் குரல் கொடுப்பான். இவர் விலங்கு வராமலிருக்கக் குரல் கொடுத்தார். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புதான் தூத்துக்குடியில் கடைசி. தோலாயிரம் பார் முதலான பழைய முத்துப்பார்களின் பெயர் இன்று மீன்பிடிக்கிறவர்கள் வாயில்தான் புழங்குகிறது.

தெரேஸ்புரத்தில் காலையில் நாட்டுப்படகுகள் கரையேறின. வாளைமீனும் பாறையும் குவிந்த இடத்தில் ஏலச் சத்தம். சற்றுத் தள்ளி ஒருவர் ஃபைபர் படகின் அணியத்தில் உட்கார்ந்து தங்கூசி என்னும் நைலான் தூண்டில் நரம்பை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய வயது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் வரிசையாக இறால்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இறாலில்லை. பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் துணி போர்த்த பொம்மைகள். வயிற்றில் ஈயம், வாலில் குடைபோல் விரிந்த இரண்டு வட்டம் ஊசிமுள்.

“கணவாய்க்கா அண்ணாச்சி?” என்றேன்.

“பின்ன, கோழிக்கா?” என்றார். பிறகு கொஞ்சம் இரங்கி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஜப்பானின் தெற்குத் தீவுகளில் மரத்தில் செதுக்கிய பொய் இறாலின் பேரப்பிள்ளை அது. சாதாரணத் தூண்டில் முள்ளுக்கு எதிர்க்கொக்கி இருக்கும்; மாட்டிய மீன் கழல முடியாது. இதில் அது கிடையாது. கணவாய் கடிப்பதற்கு முன்பு தன் இரண்டு நீளக் கைகளால் இறாலைப் பற்றும். கை ஊசியில் சிக்கும். தங்கூசி ஒரு நொடி தளர்ந்தாலும் கழன்றுகொண்டு போய்விடும். மை கக்கிய நீர்தான் மிஞ்சும்.

அவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டேன். ஏலக்காரரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“காத்து வேணும். சுத்தமா இல்லன்னா படகு செத்த மாதிரி கெடக்கும், தூண்டிலும் செத்துக் கெடக்கும். கையால சுண்டிச்சுண்டி எழுப்பணும். நாலு மணி நேரம் சுண்டுனா தோளு கழண்டுரும். லேசா காத்து இருந்தா அலை படகைத் தூக்கித் தூக்கிப் போடும் பாத்தீயளா, அதுல இறாலும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரும். நான் சும்மா புடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்.”

“இந்தக் கச்சானில்?”

“கச்சான்ல கரைக்குப் பக்கத்துல அலை இருக்காது. காத்து கரையில இருந்துல்லா அடிக்கி. பாக்குறவனுக்கு கடல் அமைதியாக் கெடக்குன்னு தோணும். ரெண்டு மைல் தாண்டுனாத் தெரியும். படகை வெளிய தள்ளிக்கிட்டே போவும். தூண்டில் அடிக்கே போவாது. தங்கூசி சரிஞ்சு மேலயே பறக்கும். கணவாய் தரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும், எந்திரிச்சு வராது.”

அப்போது என்ன செய்வீர்கள் என்றால், ஈயத்தைக் கூட்டுவோம், இல்லையென்றால் பார் பக்கம் நங்கூரம் போட்டுவிட்டுப் பின்னணியத்திலிருந்து போடுவோம் என்றார். நங்கூரமிட்ட படகு காற்றுப்போக்கில் நீண்டு நிற்கும். பொய் இறால் பாரின் ஓரமாகத் தானே தவழ்ந்து போகும். அதற்கு மேலும் காற்று கூடினால் தண்ணீர் கலங்கிவிடும். “கலங்கல்ல கணவாய் கிடையாது. அது கண்ணால புடிக்கிற சாதி.”

இதை அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. உடலளவோடு பார்த்தால் கணவாயின் கண் மிகப் பெரியது. ஆனால் பெரும்பாலான கணவாய்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெளிச்ச வேறுபாடுதான் தெரியும். அந்த டப்பாவிலுள்ள ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கணவாயைவிட வாங்குகிற மனிதனைப் பிடிக்கத்தான் பூசப்பட்டிருக்கின்றன என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. ஆரஞ்சுக்குத்தான் நன்றாக அடிக்கிறது என்று அவர் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

சீலாவுக்கு வேறு கணக்கு. (சென்னையில் வஞ்சிரம் என்பார்கள்.) அது மேல்நீரில் விரைந்து பாயும் மீன். படகை ஓட்டிக்கொண்டே பின்னால் மினுங்கும் பொய்மீனை இழுத்துப் போக வேண்டும். கண்ணாடிபோல் கிடக்கும் கடலில் சீலா தங்கூசியைப் பார்த்துவிடும். காற்று நீர்மேல் சுருக்கம் விட்டால்தான் ஏமாறும் என்று அவர் சொன்னார்.

இந்தக் கடலில் உருவம்கூட இல்லாமல் ஏமாற்றும் வித்தையும் உண்டு. மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், பாக் நீரிணையில் பேய்க்கணவாய் பிடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐவிரல் சங்கின் வெற்று ஓடுகளை நீண்ட கயிற்றில் கோத்துக் கடலடியில் கிடத்துவார்கள். ஒளிய இடம் தேடும் பேய்க்கணவாய் ஓட்டுக்குள் குடியேறும். கயிற்றை இழுத்தால் வீட்டோடு வந்துவிடும். காற்றானாலும் கலங்கலானாலும் இந்தப் பொறிக்குக் கவலையில்லை. இதன் புதுவடிவம் சங்கடமானது. கர்நாடகக் கடல்வரை போன தமிழக மீனவர்கள் தென்னம்பாளைக் கொத்துகளைக் கட்டிக் கடலடியில் இறக்கினார்கள். முட்டையிட மறைவு தேடும் கணவாய்கள் அங்கே கூடும். திராட்சைக் குலைபோல் கருமுட்டைகளை ஒட்டும். அப்போது மேலிருந்து பொய் இறால் இறங்கும். பிடிபடுவது தாய்க்கணவாய். அந்த ஊர் மீனவர்கள் சண்டைக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

கருவாடு காயவைக்கும் திடலில் ஒரு கம்பில் செத்த காகத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு கம்பில் கறுப்பு பாலித்தீன் பை. காற்றில் பை படபடக்க, காகங்கள் செத்த காகத்தைவிடப் பையைக் கண்டுதான் அதிகம் விலகின. இரண்டு பெண்கள் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல காகம் கிடைக்க மாட்டேனென்கிறது என்று ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள்.

மறுநாள் தெற்கே போனேன். காயல்பட்டினம் தாண்டித் திருச்செந்தூர். அங்கிருந்து உள்ளே திரும்பினால் தேரிக்காடு. குதிரைமொழித் தேரியின் செம்மணலைக் கொண்டுவந்து குவித்ததும் இந்தக் காற்றுதான்; இன்றும் ஒவ்வொரு ஆனி ஆடியிலும் மேட்டை நகர்த்திப் பார்க்கிறது. பனையும் உடையும் கொல்லாமாவும் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியில், காதுக்குள் பனையோலைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று யார் முதலில் சொன்னாரோ, அவர் இந்தப் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஓலைச் சத்தத்துக்கு நடுவே காலடிச் சத்தத்தைப் பிரித்தறியத் தெரிந்த நரி அது. எல்லா உயிருக்கும் அந்தத் திறமை வாய்ப்பதில்லை.

தேரியின் பழைய வேட்டை கவுதாரி. பிடித்த முறை கிட்டத்தட்ட பார்வை மானேதான். ஆனால் இங்கே பார்வைப் பறவை உருவத்தால் அழைப்பதில்லை, குரலால் அழைக்கும். வளர்த்த சேவல் கவுதாரியைக் கூண்டில் வைத்துப் புதரோரம் மறைப்பார்கள். சுற்றிலும் கண்ணி. கூண்டுப் பறவை விடிகாலையில் மும்முறை ஏறிஏறிக் கத்தும். அந்த இடத்துக்குச் சொந்தக்காரச் சேவலுக்கு அது அழைப்பல்ல, வம்பு. என் எல்லைக்குள் எவன் என்று ஓடிவரும், கால் கண்ணியில். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொல்வது மட்டும் பொருளல்ல. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான்.

பனை நிழலில் ஓர் இளைஞர் மண்டியிட்டிருந்தார். தோளில் பெரிய லென்ஸ் மாட்டிய கேமரா. முன்னால் மணலில் கையடக்க புளூடூத் ஸ்பீக்கர். அதிலிருந்து கவுதாரி கத்திக்கொண்டிருந்தது. நேரம் பத்தைத் தாண்டியிருக்கும். கோவையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். ஒலியைக் கூட்டினார், காற்றும் கூட்டியது. மேற்கே ஒரு கவுதாரி புதருக்குள் ஓடுவதை நானே பார்த்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரணம் எளியது. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. மேலே போகப்போக அதிகம். இந்த வேறுபாட்டால், காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் கேட்கும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி வானத்தை நோக்கி வளைந்துவிடும். தரையில் நிற்பவருக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஒன்றும் கேட்காது. இளைஞரின் ஸ்பீக்கர் கிழக்கே கடலிலிருக்கும் மீனவருக்கு வேண்டுமானால் கேட்டிருக்கும். ஜிம் கார்பெட் 1938 நவம்பரில் தாக் கிராமத்து ஆட்கொல்லிப் பெண்புலியை, ஆண்புலிபோல் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுட்டார். அது குமாவோன் மலைக்காடு. ஆனி மாதத் தேரியில் அவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

எனக்கு அந்த ஸ்பீக்கர் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணி இல்லையே, படம்தானே என்பார்கள். வராத எதிரியை விரட்ட ஒரு பறவை முட்டையை விட்டு எழுந்து ஓடுவது அதற்குச் செலவுதான். அமெரிக்காவில் துப்பாக்கியோடு போகிற வாத்து வேட்டைக்காரனே மின்கருவிக் குரலைப் பயன்படுத்தக் கூடாதென்று விதி இருக்கிறது. வாயால் ஊதிக் கூப்பிடலாம், அவ்வளவுதான். மறுபக்கம், இதே பொய்யை நல்லதற்கும் சொல்லலாம். மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஒரு தீவிலிருந்து வேட்டையில் அற்றுப்போன பஃபின் பறவைகளைத் திரும்பக் கொண்டுவர ஸ்டீபன் கிரெஸ் 1973-இல் முயற்சி தொடங்கினார். குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார். வளர்ந்து கடலுக்குப் போனவை திரும்பி இறங்க, பாறைமேல் மரப் பஃபின்களை நட்டுவைத்தார். கூட்டம் இருக்கிறது என்று நம்பி வந்தன, கூடு கட்டின. அங்கேயும் முதலில் வேலை செய்தது உருவம்தான்.

பனையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் கலயம். சற்றுநேரம் நின்று ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“தம்பி, எதுக்கு அதைப் போட்டு அலறவிடுதீய?”

“கவுதாரி படம் எடுக்கணும் அண்ணாச்சி. வரவே மாட்டேங்குது.”

“இந்தக் காத்துல உச்சியில இருந்து நான் கூப்புட்டா கீழ நிக்கிற என் பொண்டாட்டிக்கே கேக்காது. கவுதாரிக்கா கேக்கும்?” கலயத்தைக் கீழே வைத்தார். “காத்து எந்திரிக்கிறதுக்கு முன்னால வரணும். அஞ்சு மணிக்கு வாங்க. அந்த ஓடைக்கரையில உக்காந்திருங்க. அதுவாக் கத்தும். ஒண்ணு கத்துனா எல்லாம் கத்தும். பொட்டியெல்லாம் வேண்டாம்.”

“நீங்க பிடிச்சிருக்கீங்களா?”

“எங்க அப்பா பிடிப்பாவ. இப்ப பிடிச்சா ஃபாரஸ்ட்காரன் என்னைய பிடிப்பான்.”

அடுத்த பனையை நோக்கி நடந்தார். இளைஞர் ஸ்பீக்கரை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு இங்கே வர வேண்டுமென்றால் திருச்செந்தூரில் எந்த லாட்ஜில் நாலு மணிக்குக் கதவு திறப்பார்கள் என்று என்னிடம் கேட்டார்.